இறப்பர் விதையில் விமானம் பறக்குமா?

ஓகஸ்ட் மாதத்தில் எங்கள் வீட்டுக் கூரைத் தகரத்தில் கேட்கும் சத்தத்தை வைத்தே, விழுவது மழையா விதையா என்று சொல்லிவிடலாம். இறப்பர் விதை என்றால் முதலில் மரத்தில் 'டப்' என்று காய் வெடிக்கும். ஒரு கணம் கழித்துத் தகரத்தில் 'டக்' என்று கேட்கும். ஒரு காய்க்குள் மூன்று விதைகள். காடை முட்டை போலப் புள்ளி போட்டு, பளபளவென்று இருக்கும். சின்ன வயதில் அதைச் சீமெந்துத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவளின் கையில் வைத்துவிட்டு ஓடுவோம். யட்டியாந்தோட்டைப் பக்கம் வளர்ந்த எந்தப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள், அந்தச் சூடு ஒரு தரமாவது பட்டிருக்கும். அதைவிட அந்த விதைக்கு வேறு உபயோகம் இருப்பதாக நாங்கள் நினைத்ததே இல்லை.

இந்த வருடம் அந்த விதை எங்கள் வீட்டில் ஒரு பெரிய வாக்குவாதத்தையே கிளப்பிவிட்டது.

வாப்பாவுக்குத் தோட்டத்துச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் மேட்டில் மூன்று ஏக்கர் இறப்பர். அந்த மரங்களுக்கு என்னைவிட இரண்டு மடங்கு வயது. பட்டை முழுவதும் வெட்டுத் தழும்பு. சிரட்டையில் விழும் பால் வருடத்துக்கு வருடம் குறைகிறது. போதாததற்கு 2019 முதல் நாட்டில் பரவிய இலை உதிர்வு நோய் எங்கள் மரங்களையும் விடவில்லை. வெட்டிவிட்டு மறுபடி இறப்பர் நட்டால் பால் எடுக்க ஆறு வருடமாவது காத்திருக்க வேண்டும். இந்த யோசனையில் வாப்பா இருந்தபோதுதான் ஒரு மனிதர் கடைக்கு வந்தார். கையில் வழுவழுப்பான துண்டுப் பிரசுரம். அதில் ஒரு விமானம், விமானத்தின் வாலில் ஒரு பச்சை இலை. மரத்தை எல்லாம் அடியோடு எடுத்துவிட்டு எண்ணெய் விதை மரம் நடுங்கள், இனி வானத்தில் பறக்கப் போவது எல்லாம் விதை எண்ணெயில்தான், ஐந்தாம் வருடம் முதல் நாங்களே வாங்கிக்கொள்வோம் என்றார். அவர் யார், எங்கிருந்து வந்தார் என்பதை இங்கே எழுதுவது முறையல்ல. அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் சிக்கல். முழுப் பொய்யாக இருந்திருந்தால் உம்மாவே தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பா.

"நீ விஞ்ஞானம் படிக்கிறாய்தானே மகள், இதைப் பார்த்துச் சொல்லு" என்று வாப்பா அந்தத் தாளை என்னிடம் தந்தார். உயர்தரம் படிக்கும் பிள்ளையை வீட்டில் இப்படி ஒரு விடயத்தில் கேட்பது எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. மூன்று ஏக்கர் என்பது எங்கள் வீட்டில் ராத்தாவின் கலியாணச் செலவு, என் பல்கலைக்கழகச் செலவு, உம்மும்மாவின் மருந்துச் செலவு எல்லாமே. பரீட்சைத் தாளில் தவறினால் புள்ளி போகும். இதில் தவறினால் போவது மேடு.

உண்மையான பாதியை முதலில் சொல்கிறேன். விதை எண்ணெயில் விமானம் பறக்கும். பறந்தும் இருக்கிறது. 2008 பெப்ரவரியில் வேர்ஜின் அட்லாண்டிக் நிறுவனம் லண்டனிலிருந்து அம்ஸ்டர்டாமுக்கு ஒரு போயிங் 747 விமானத்தை, அதன் ஓர் இயந்திரத்தில் தேங்காய் எண்ணெயும் பபாசு என்ற பிரேசில் பனையின் எண்ணெயும் கலந்த எரிபொருளை ஊற்றிப் பறக்க விட்டது. அதே வருடம் டிசெம்பரில் எயார் நியூசிலாந்து காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருளைப் பாதிக்குப் பாதி கலந்து சோதித்தது. நமக்குப் பக்கத்திலேயே, 2018 ஓகஸ்ட் 27 இல் டெஹ்ராடூனிலிருந்து டில்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று காட்டாமணக்கு எரிபொருள் 25 வீதம் கலந்து பறந்தது. அதற்கான விதையைச் சத்தீஸ்கர் மாநிலத்து ஐந்நூறு விவசாயக் குடும்பங்கள் கொடுத்தன. காட்டாமணக்கு வேறெதுவும் அல்ல. நம் பக்கம் வேலிக்கு நடுவார்களே, ஆடுகூடத் தின்னாதே, சிங்களத்தில் 'வெட்ட எண்டரு' என்பார்களே, அதுதான்.

எண்ணெய் எப்படி விமான எரிபொருளாகிறது என்று எங்கள் இரசாயனவியல் டீச்சரிடம் கேட்டேன். பாடத்திட்டத்தில் இருப்பதை வைத்தே விளக்கினா. விமானம் குடிப்பது ஒன்றும் தேவலோகத்து எரிபொருள் இல்லை. நன்றாகச் சுத்தம் செய்த மண்ணெண்ணெய்தான். மண்ணெண்ணெயில் காபனும் ஐதரசனும் மட்டும் இருக்கின்றன. தாவர எண்ணெயில் கூடவே ஒட்சிசனும் இருக்கிறது. அதிக அழுத்தத்தில் ஐதரசனைச் செலுத்தினால் அந்த ஒட்சிசன் பெரும்பாலும் நீராகக் கழன்றுவிடும். மிஞ்சுவது நேரான காபன் சங்கிலி. நேரான சங்கிலி குளிரில் சீக்கிரம் உறையும். நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் கட்டியாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் விமானத்தின் சிறகுக்குள் அப்படி ஆனால் என்ன கதி? ஆகவே அந்தச் சங்கிலியைக் கிளை பிரித்து, உறைநிலை பூச்சியத்துக்குக் கீழே 47 பாகைக்கு இறங்கும்படி செய்ய வேண்டும். இதற்கெல்லாம் பெரிய ஆலை வேண்டும், ஐதரசன் வேண்டும். செக்கு வைத்துப் பிழிந்து பவுசரில் ஊற்றும் வேலை இல்லை இது. 1969 இல் தொடங்கிய நம் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் இதற்கான இயந்திரம் கிடையாது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த உம்மும்மாவுக்குச் சிரிப்பு. அவவின் சின்னக் காலத்தில் விளக்குக்கு மீ எண்ணெயும் தொம்ப எண்ணெயும் ஊற்றுவார்களாம். நூல்களில் நாம் இலுப்பை, புன்னை என்று படிப்பவை அவைதான். பிறகு மண்ணெண்ணெய் வந்தது. மரத்தடியில் விதை பொறுக்கப் போவதை எல்லோரும் விட்டார்கள். "விதையை விட்டு மண்ணெண்ணெய்க்குப் போனோம், இப்ப விதையையே மண்ணெண்ணெய் ஆக்கப் போறீங்களா?" என்று கேட்டா. டீச்சரின் விளக்கத்தைவிட அது சுருக்கமாக இருந்தது.

உலகம் ஏன் இதைத் தேடுகிறது என்பதும் நியாயமானதே. காரை மின்சாரத்தில் ஓட்டலாம்; முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு லண்டன் போக மின்கலம் தாங்காது. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம், தன் விமான நிலையங்களில் வழங்கும் எரிபொருளில் 2025 இல் 2 வீதமும் 2030 இல் 6 வீதமும் 2050 இல் 70 வீதமும் இத்தகைய எரிபொருளாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. பிரித்தானியாவும் 2025 முதல் 2 வீதம் கேட்கிறது; 2030 இல் 10 வீதம். ஆனால் 2024 இல் உலகம் முழுவதும் உற்பத்தியானது பத்து இலட்சம் தொன் மட்டும்தான். விமானங்கள் எரித்ததில் அது வெறும் 0.3 வீதம். விலையோ சாதாரண எரிபொருளைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு. தேவை பெரியது, சரக்குச் சின்னது. இப்படியான இடைவெளி தெரிந்தால் துண்டுப் பிரசுரத்தோடு ஆட்கள் வருவார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சொந்த வலி உண்டு. 2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாம் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அதே நாட்களில், கட்டுநாயக்கவில் விமானத்துக்கும் எரிபொருள் இல்லை. நம் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக இருந்த காக்கா, விமானம் போகுமா போகாதா என்று தெரியாமல் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தார். நம் மண்ணிலேயே விளையும் எரிபொருள் என்று யாராவது சொன்னால், அந்த நாட்களைக் கண்டவர்களுக்குக் காது நீளத்தான் செய்யும்.

அதனால் வந்தவரை ஒரேயடியாகத் தட்டிவிட எனக்கு மனமில்லை. நான் யோசித்தது வேறு. எண்ணெய் விதைதான் வேண்டும் என்றால், இருக்கிற மரத்தை வெட்டி வேறு மரம் நடுவானேன்? இறப்பர் மரமே விதை கொட்டுகிறதே!

இந்த விதைக்கு ஒரு காலத்தில் எவ்வளவு மதிப்பு இருந்தது தெரியுமா? 1876 இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு போனார். முளைத்தவை ஏறக்குறைய 2,700. அவற்றில் 1,919 கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறி வந்தன. கம்பஹா ஹெனரத்கொடையில் அவை வேர் பிடித்த பிறகுதான் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைகளெல்லாம் இறப்பர் மலைகளாயின. விதைக்காகக் கடல் கடந்த அந்த மரத்தின் விதை இப்போது நம் காலடியில் கிடந்து அழுகுகிறது. தாற்றுமேடைக்காரர்கள் ஒட்டுக்கன்றுக்கு வேண்டிய அளவு வாங்குவார்கள். மீதியை முள்ளம்பன்றி தின்னும்.

பருப்பில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் எண்ணெய் இருக்கிறது. ஓட்டோடு சேர்த்து நிறுத்தால், பிழிந்து கிடைப்பது விதையின் எடையில் ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் இரண்டு இரவு கணக்குப் பார்த்தேன். கணக்கை இங்கே தருகிறேன். பிழை கண்டால் சொல்லுங்கள்.

ஒரு ஹெக்டேயர் இறப்பரில் பொறுக்கக்கூடிய விதை ஏறக்குறைய 150 கிலோ என்பது இந்தியாவில் வழமையாகச் சொல்லும் அளவு. நம் நாட்டில் ஒரு இலட்சம் ஹெக்டேயர் இறப்பரிலும் ஒரு விதை விடாமல் பொறுக்கினோம் என்று வையுங்கள். 15,000 தொன் விதை. அதில் எண்ணெய் 3,000 தொன். ஆலையில் 1.2 தொன் எண்ணெய்க்கு ஒரு தொன் எரிபொருள் என்றால் 2,500 தொன். அதிலும் ஒரு பகுதி டீசலாகப் பிரிந்துவிடும். அதையும் விட்டுக்கொடுத்து எல்லாமே விமானத்துக்கு என்று வைப்போம். கொழும்பிலிருந்து லண்டன் போகும் எயார்பஸ் ஏ330 மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஆறு தொன் எரிக்கிறது. பத்து மணித்தியாலத்துக்கும் சற்று மேல் என்றால் ஒரு வழிக்கு 60 தொன்னுக்குக் குறையாது. அதாவது நாடு முழுவதும் ஒரு வருடம் விழுந்த விதையில், தினமும் ஒரே ஒரு விமானம் லண்டன் போய் வர, இருபது நாள் ஓடும். இருபத்தோராம் நாள் மறுபடி சப்புகஸ்கந்தவைப் பார்க்க வேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை, இருபது நாளும் இலாபம்தானே என்று வாப்பா சொன்னார். வியாபாரியின் பேச்சு. ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஆள் விடுபட்டுப் போயிருந்தார். விதையைப் பொறுக்குபவர்.

ஒரு சனிக்கிழமை காலையில் உரைப்பையோடு மேட்டுக்கு ஏறினேன். கடிகாரத்தை வைத்துச் சரியாக ஒரு மணித்தியாலம் பொறுக்கினேன். அட்டை இரண்டு கடித்தது. சரிவில் ஒரு தரம் வழுக்கி விழுந்தேன். கடைத் தராசில் நிறுத்தபோது 2 கிலோ 450 கிராம். எண்ணிப் பார்த்தேன், 618 விதை. அதாவது 618 தரம் குனிந்திருக்கிறேன். எட்டு மணித்தியாலம் இதே வேகத்தில் குனிய முடிந்தால் ஒரு நாளைக்கு இருபது கிலோ. எனக்கு முடியாது. இரண்டாம் மணித்தியாலத்திலேயே முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டும் அக்கா ஒருவர் எங்கள் கடைக்குத் தினமும் வருவார். லயத்தில்தான் இருக்கிறார். விடியற்காலை வெட்டு முடித்து, பால் சேர்த்துக் கொடுத்துவிட்டு வரும்போது மாவும் கருவாடும் வாங்கிப் போவார். அவரிடம் கேட்டேன். என் 2 கிலோ 450 கிராமைக் கேட்டுச் சிரித்தார். "ஒனக்குப் பழக்கமில்ல புள்ள, நாங்க பொறுக்குனா முப்பது வரும்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கிலோவுக்கு எவ்வளவு குடுப்பாங்களாம்?" என்று கேட்டார். துண்டுப் பிரசுரத்தில் அந்த வரியைத் தேடினேன். இருக்கவில்லை.

கணக்கை மறுபடி எடுத்தேன். ஒரு விமானம் ஒரு தரம் லண்டன் போக 60 தொன் எரிபொருள், அதற்கு 72 தொன் எண்ணெய், அதற்கு 360 தொன் விதை. ஒருவர் நாளுக்கு இருபது கிலோ என்றால் 18,000 ஆள் நாட்கள். அக்கா சொன்ன முப்பது கிலோவே வந்தாலும் 12,000. விமானத்தில் முந்நூறு பேர் இருந்தால், ஆசனம் ஒன்றுக்கு ஒரு பெண் நாற்பது முதல் அறுபது நாள் மலையில் குனிந்து நிமிர வேண்டும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தேயிலைத் தோட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். அதையே அளவாக எடுத்தால், ஒரு கிலோ விதை எண்ணெயில் பொறுக்கு கூலி மட்டும் இருபது கிலோ கணக்கில் 337 ரூபாய். முப்பது கிலோ கணக்கில் 225. உலர்த்தல், உடைத்தல், லொறி, செக்கு, ஐதரசன், ஆலை எதுவும் இதில் சேரவில்லை. இந்தத் தொழில் இலாபமாக ஓட வேண்டும் என்றால் எங்கேயாவது குறைக்க வேண்டும். எங்கே குறைப்பார்கள் என்று தோட்டப் பக்கம் வாழும் யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயிரம் ரூபாய் நாட்கூலி கேட்டு எத்தனை வருடம் போராடினார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கையில் காசும் இல்லை. அந்த நாட்களில் விதை பொறுக்கி நாலு காசு கிடைத்தால் நல்லதுதானே என்று அந்த அக்காவே சொன்னார். நியாயம். ஆனால் மழையில் நனைந்த விதை சீக்கிரம் கெட்டுவிடும். எண்ணெயில் கொழுப்பமிலம் கூடிப்போகும். உடனே உலர்த்த வேண்டும். வெயிலே இல்லாத நாளில் பொறுக்கியதை எங்கே காய வைப்பது? லயத்துக் காம்பராவில் உடுப்புக் காய வைக்கவே இடமில்லை. பிழிந்த பிண்ணாக்கைச் சும்மா ஆட்டுக்குப் போடவும் முடியாது. மரவள்ளியில் உள்ள அதே நச்சு இந்த விதையிலும் இருக்கிறது. பக்குவம் செய்துதான் கொடுக்க வேண்டும்.

அப்படியென்றால் வேறு பயிர்கள்? பிரசுரக்காரர் சொன்ன பாதைக்கு வருவோம்.

ஒரு ஏக்கரில் அதிக எண்ணெய் தருவது எது என்று மட்டும் பார்த்தால் முள்ளுத்தேங்காயை வெல்ல ஒன்றும் இல்லை. ஹெக்டேயருக்கு மூன்று நான்கு தொன் எண்ணெய். தென்னையில் ஒரு தொன்கூட வராது. 1968 இல் காலி மாவட்டம் நாகியாதெனியவில் நட்டுத் தொடங்கியது, பின்னர் களுத்துறை, இரத்தினபுரி, கேகாலை வரை வந்தது. ஏறக்குறைய 11,000 ஹெக்டேயர். இறப்பரை எடுத்துவிட்டு இதை நட்ட இடங்களில் கிணறு வற்றுகிறது, ஓடை இளைக்கிறது என்று நம் மாவட்டத்துக் கிராமத்தவர்களே வீதிக்கு இறங்கினார்கள். அவ்வளவு நீரை இந்த மரம் குடிக்காது என்று தோட்டக் கம்பெனிகள் மறுத்தன. 2021 ஏப்ரலில் அன்றைய ஜனாதிபதி ஒரே அறிவிப்பில் புதிதாக நடுவதைத் தடை செய்து, இருப்பதையும் வருடத்துக்குப் பத்து வீதமாக அகற்றச் சொன்னார். அதே மாதத்தில்தான் இரசாயன உரத் தடையும் அறிவிக்கப்பட்டது. உரத் தடை எப்படி முடிந்தது என்பதை நம் வீட்டுச் சோற்றுப் பானையே சொல்லும். நவம்பரில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. நான் முள்ளுத்தேங்காய்க்காகப் பரிந்து பேசவில்லை. எங்கள் மலைக்கு அது வேண்டாம் என்பதே என் எண்ணம். நான் கவனித்தது வேறு: இருபது முப்பது வருடம் மண்ணில் நிற்கப் போகும் மரத்தைப் பற்றி, நடும்போதும் பிடுங்கும்போதும், கீழே கிணறு வைத்திருப்பவனிடம் ஆற அமரக் கேட்டவர் யாரும் இல்லை. ஐரோப்பியச் சட்டமும் உணவுப் பயிர் எண்ணெயைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே அந்த வாசலும் அடைப்பட்டதுதான்.

காட்டாமணக்குக்கு இந்தியாவில் நடந்ததைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. 2003 இல் அங்கே திட்டக் குழுவே இதைப் பரிந்துரைத்தது. தரிசு நிலத்தில் வளரும், தண்ணீர் கேட்காது, ஒரு கோடி ஹெக்டேயருக்கு மேல் நடலாம் என்றார்கள். தமிழ்நாட்டிலும் ஒப்பந்த முறையில் விவசாயிகள் நட்டார்கள், சிலர் நிலக்கடலை போட்ட நிலத்திலேயே நட்டார்கள். செடி வளர்ந்தது. காய்ப்புத்தான் வரவில்லை. தண்ணீர் விடாத இடத்தில் சொன்ன விளைச்சலில் ஒரு சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை. 2017 க்குள் டீசலில் ஐந்தில் ஒன்று விதை எண்ணெயாகிவிடும் என்ற அரசாங்க இலக்கு ஏட்டோடு நின்றது. பலர் செடியைப் பிடுங்கிவிட்டுப் பழைய பயிருக்கே போனார்கள். கடலை எண்ணெயும் போய், காட்டாமணக்கு எண்ணெயும் கிடைக்காமல் நின்ற அந்த வருடங்களுக்கு யார் ஈடு கொடுத்தார்கள்? டெஹ்ராடூன் விமானம் பறந்தது செய்தியாயிற்று. பிடுங்கி எறிந்த செடி செய்தியாகவில்லை.

அவுஸ்திரேலியாவின் குவான்டாஸ் 2018 இல் ஒரு வகைக் கடுகு எண்ணெய் 10 வீதம் கலந்து லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து மெல்பேர்னுக்குப் பறந்திருக்கிறது. அந்தக் கடுகு, சமவெளி வயலில் இரண்டு போகத்துக்கு நடுவே போடுகிற பயிர். நம் சரிவில் அது எடுபடாது. அதை விட்டுவிடுவோம்.

சரிவு என்றதும் இன்னொன்று. 2016 மே 17 ஐ நம் மாவட்டம் மறக்காது. அரநாயக்கவில் மலை சரிந்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் ஒரு தோட்டத்து லயத்தின் மேலும் மண் விழுந்தது. அப்போது நான் சின்னப் பிள்ளை. வாப்பா கடையிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போனதும், இரவு திரும்பி வந்து யாரோடும் பேசாமல் படுத்ததும் ஞாபகம் இருக்கிறது. மூன்று ஏக்கர் சரிவில் நிற்கும் முப்பது வருடத்து வேரை ஒரே வீச்சில் பிடுங்கி, கன்று பிடிக்கும் வரை மொட்டையாக வைத்திருங்கள் என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு விமானம் ஞாபகம் வரவில்லை. அந்த இரவுதான் வந்தது. மறுபடி இறப்பரே நட்டாலும் இந்த ஆபத்து உண்டு என்று காக்கா தொலைபேசியில் சொன்னார். உண்மைதான். அதனால்தான் துண்டு துண்டாக, வரம்பு கட்டி நட வேண்டும் என்கிறார்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். விமானத்துக்காக எங்கள் மலையில் புதிதாக ஒரு மரமும் நட வேண்டாம். விழுகிற இறப்பர் விதையைப் பொறுக்கலாம். ஆனால் அதை வானத்துக்கு அனுப்பும் ஆசை வேண்டாம். கேரளத்து இறப்பர் விதை தமிழ்நாட்டு ஆலைகளில் பிழியப்பட்டுச் சவர்க்காரத்துக்கும் வர்ணப்பூச்சுக்கும் போகிறது. ஐதரசனும் வேண்டாம், உறைநிலையும் பார்க்க வேண்டாம். ஒரு தோட்டத்துக்கு ஓர் உலர்த்தும் கொட்டகை, நாலு தோட்டத்துக்கு ஒரு செக்கு இருந்தால் போதும். பொறுக்கும் பெண்களின் பெயரிலேயே அந்தச் சங்கம் இருந்தால், கிலோ விலையையும் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

விமானத்துக்கு? 2023 நவம்பர் 28 இல் லண்டனிலிருந்து நியூயோர்க்குக்குப் பெற்றோலிய எரிபொருள் ஒரு சொட்டும் இல்லாமல் பறந்த விமானத்தின் எரிபொருள், பெரும்பாலும் பொரித்து முடித்த கழிவு எண்ணெயிலும் விலங்குக் கொழுப்பிலும் செய்தது. நம் ஊரில் அந்தக் கழிவு எண்ணெய் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கறுத்துப்போன எண்ணெயில் மறுநாளும் ரோல்ஸ் பொரிபடுகிறது. அதை வாங்கித் தின்பது நாம்தான். மாவனல்லை முதல் பலாங்கொடை வரை உள்ள கடைகளில் அதைச் சேர்த்து ஒருவர் நல்ல விலைக்கு வாங்கினால், ஒரு குழியும் வெட்டாமல், ஒரு முதுகும் குனியாமல் கொஞ்சம் எரிபொருள் கிடைக்கும். கொஞ்சம்தான். உலகத்தின் எல்லாக் கடைகளையும் சேர்த்தாலும் உலகத்தின் எல்லா விமானங்களுக்கும் போதாது. குறைவாகப் பறப்பதைப் பற்றி யாரும் துண்டுப் பிரசுரம் அடிப்பதில்லை. காக்காவும் உம்ராவுக்குப் போக நாள் பார்க்கும் உம்மும்மாவும் பறக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. மாதம் நாலு தரம் கூட்டத்துக்குப் பறப்பவர்களிடம் முதலில் கேட்கலாம்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லி முடித்தபோது வாப்பா உடனே ஒன்றும் சொல்லவில்லை. துண்டுப் பிரசுரத்தைத் திருப்பி, பின்பக்க வெள்ளைத் தாளில் எழுதச் சொன்னார். வந்தவரிடம் கேட்க வேண்டியவை. கிலோவுக்கு என்ன விலை, அது எழுத்தில் வருமா. காய்க்காவிட்டால் யார் பொறுப்பு. கீழ் வீடுகளின் கிணற்றுக்கு என்ன நடக்கும். பிழியும் ஆலை எந்த ஊரில் இருக்கிறது. ஏற்கெனவே நட்டு ஐந்து வருடமான ஒரு விவசாயியின் தோட்டத்தைக் காட்ட முடியுமா. கடைசிக் கேள்வியை வாப்பாவே சொன்னார்: அவருக்குச் சொந்தமாக நிலம் இருந்தால், அதில் என்ன நட்டிருக்கிறார்?

தாள் இப்போது மேசை லாச்சியில் கிடக்கிறது. அவர் இன்னும் வரவில்லை. நான் பொறுக்கிய 618 விதையும் திண்ணை மூலையில் உரைப்பையிலேயே இருந்தது. நேற்றுப் பார்த்தபோது ஈரம் பட்டுப் பத்துப் பன்னிரண்டு முளைவிட்டிருந்தன. அவற்றை வாப்பா மட்டும் எடுத்துக் கொண்டுபோய்க் கடைக்குப் பின்னால் பையில் மண் நிரப்பி ஊன்றியிருக்கிறார். நட்டு வைக்கவா, சும்மாவா என்று கேட்டேன். "பார்ப்பம்" என்றார்.